‘விச்’ எந்தப் பெயரைச் சுட்டுகிறது?

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நீண்ட வாக்கியம் இருக்கிறது. உடல்நலக் குறைவால் வேலை செய்ய இயலாதவர் என்று யாரை ஏற்றுக்கொண்டு உதவித்தொகை கொடுப்பது என்பதை அது வரையறுக்கிறது. விண்ணப்பிப்பவர் தம் பழைய வேலையைச் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும். அது போதாது, அவருடைய வயது, படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் பார்த்தாலும் வேறு எந்த வகையான, வருமானம் தரும் வேலையையும் செய்ய முடியாதவராகவும் இருக்க வேண்டும். இந்த ‘வேறு வேலை’யை ஒட்டி ஒரு சிறு தொடர் வருகிறது: ‘விச் எக்ஸிஸ்ட்ஸ் இன் தி நேஷனல் எகானமி’, அதாவது நாட்டின் பொருளாதாரத்தில் இருக்கிற வேலை. லிஃப்ட் ஆபரேட்டராக இருந்த ஒரு பெண்ணின் வேலை 1995-ல் இல்லாமல் போனது. இதய நோயும் முதுகெலும்புத் தொல்லையும் இருப்பதாகச் சொல்லி மறு ஆண்டு அவர் உதவித்தொகை கேட்டார். லிஃப்ட் இயக்கும் பழைய வேலையை அவரால் இன்னும் செய்ய முடியும் என்று சொல்லி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அந்த வேலையே இப்போது நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி இல்லையே என்பது அவர் வாதம். ‘விச்’ என்ற ஒரு சொல் ‘வேறு வேலை’யை மட்டும் சுட்டுகிறதா, முன்னால் நிற்கும் ‘பழைய வேலை’யையும் சேர்த்துச் சுட்டுகிறதா? உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காததும் இதில் தொங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பார்ன்ஹார்ட் எதிர் தாமஸ் என்பது அதன் பெயர்.

கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. ‘வேறு எந்த வகையான வேலையும்’ என்று சட்டம் சொல்லும்போதே பழைய வேலையும் அதே வகையைச் சேர்ந்தது என்றுதானே ஆகிறது; அப்படியானால் நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கும் உண்டு என்று அது வாசித்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டனின் ஸ்கலியா, இப்படிப்பட்ட தொடர் தனக்கு உடனடியாக முன்னால் நிற்கும் சொல்லையே சுட்டும் என்ற பழைய சட்ட வாசிப்பு விதியைக் கையில் எடுத்தார். அதற்கு ஒரு உதாரணமும் காட்டினார். வெளியூர் போகும் பெற்றோர் மகனிடம், பார்ட்டி வைத்தாலோ வீட்டுக்குச் சேதம் உண்டாக்கும் வேறு எந்தக் காரியத்தைச் செய்தாலோ தண்டனை உண்டு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பையன் பார்ட்டி வைத்து மாட்டிக்கொள்கிறான். வீட்டுக்குச் சேதமே இல்லையே, அதனால் தண்டனை கூடாது என்று அவன் வாதாடினால் எடுபடுமா? பார்ட்டி வேண்டாம் என்பதற்குப் பெற்றோருக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் அல்லவா? உதாரணம் கூர்மையானது. ஆனால் தீர்ப்பில் வேறு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, அவைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இந்த விதி முழுமையானது அல்ல, பொருளைக் காட்டும் வேறு அடையாளங்கள் இருந்தால் அது விட்டுக்கொடுக்கும் என்று ஸ்கலியாவே சொல்கிறார். இரண்டாவது, அரசுத் துறையின் வாசிப்பு நியாயமான ஒரு வாசிப்பு, ஆகவே அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்பதுதான் முடிவு. இது ஒன்றுதான் சரியான வாசிப்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஒரே வாக்கியத்தைத் தேர்ந்த நீதிபதிகள் இரண்டு மேடைகளில் இரண்டு விதமாகப் படித்தார்கள். அந்த ‘விச்’ எதைச் சுட்டுகிறது என்பதை இலக்கணம் மட்டும் தீர்த்து வைக்கவில்லை.

‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ ஆகிய ரிலேட்டிவ் ப்ரோனவுன்கள் தமக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லைச் சுட்டும் என்றுதான் நம் பள்ளிகளில் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நினைவில் வைக்க எளிது, ஆனால் ஆங்கிலம் அப்படி நடப்பதில்லை. ‘எ லெட்டர் கேம் திஸ் மார்னிங் தட் நோபடி குட் ரீட்’ என்பது மிகச் சாதாரணமான ஆங்கில வாக்கியம். ‘தட்’டுக்குப் பக்கத்தில் இருப்பது ‘மார்னிங்’. யாராலும் வாசிக்க முடியாதது காலை அல்ல, கடிதம். வாக்கியம் தலைகனத்துப் போகாமல் இருக்க, நீளமான தொடரைக் கடைசிக்குத் தள்ளுவது ஆங்கிலத்தின் வழக்கம். அப்போது பெயருக்கும் ப்ரோனவுனுக்கும் நடுவில் வேறு பெயர்கள் வந்து உட்கார்ந்துவிடும். சில இடங்களில் ‘விச்’ எந்தப் பெயரையுமே சுட்டாது. ‘ஹி மிஸ்ட் தி ட்ரெய்ன், விச் சர்ப்ரைஸ்ட் எவ்ரிபடி’ என்றால் எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது ரயில் அல்ல. அவன் ரயிலைத் தவறவிட்டான் என்கிற முழுச் செய்தி. பக்கத்துப் பெயர் என்ற விதியோடு இந்த வாக்கியங்களை அணுகும் மாணவர் தவறான விடைக்குத்தான் போய்ச்சேருவார். தவறு அவருடையதும் அல்ல.

ஆங்கிலம் வேறு தடயங்களைக் கொடுக்கிறது, அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘தி டிரைவர் ஆஃப் தி பஸ் ஹூ...’ என்று ஆரம்பித்தால் பஸ் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது டிரைவரைத்தான் சுட்டும், ஏனெனில் ‘ஹூ’ ஆட்களுக்கு உரியது. ‘தி டிரைவர் ஆஃப் தி பஸ் விச்...’ என்றால் பஸ். இன்னொரு தடயம் வினைச்சொல். ‘தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் தட் வாஸ்...’ என்று வந்தால் ஒருமை, ஆகவே பட்டியல். ‘தட் வேர்’ என்று வந்தால் பெயர்கள். மூன்றாவது தடயம் பொருள்: யாருக்கு எது நடக்கும், எதற்கு எது பொருந்தும் என்ற உலக அறிவு. காற்புள்ளியும் பேசும், ஆனால் அது சுட்டும் பெயர் எது என்பதைக் காட்டிலும், அந்தப் பெயரை அடையாளம் காட்டவே தொடர் வருகிறதா, கூடுதல் செய்தி சொல்ல வருகிறதா என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லும். இவை எல்லாம் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடுகிற வாக்கியங்களும் உண்டு. ‘தி டிரைவர் ஆஃப் தி பஸ் தட் லெஃப்ட் அட் சிக்ஸ்’ என்பதைப் பாருங்கள். ‘தட்’ ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். ‘லெஃப்ட்’ இறந்தகால வினை, ஒருமை பன்மை காட்டாது. காட்டினாலும் இரண்டு பெயர்களும் ஒருமைதான். ஆறு மணிக்கு டிரைவரும் கிளம்பலாம், பஸ்ஸும் கிளம்பலாம். பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பஸ்தான் என்று சொல்வது, வேறு எதுவும் கிடைக்காதபோது செய்யும் ஊகம். ஊகம் செய்வதில் தவறில்லை, அதை விதி என்று அழைக்கும்போதுதான் சிக்கல்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை அதிகம் படுத்தும் ஒரு வடிவம் இருக்கிறது: ‘ஷி இஸ் ஒன் ஆஃப் தி டீச்சர்ஸ் ஹூ கம் ஏர்லி’. ‘கம்’ சரியா, ‘கம்ஸ்’ சரியா? ‘ஷி’ என்று ஆரம்பித்ததால் கை தானாகவே ‘கம்ஸ்’ என்று எழுதப் போகும். வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். சில ஆசிரியர்கள் சீக்கிரம் வருகிறார்கள். அவர்களில் இவர் ஒருவர். சீக்கிரம் வருகிறவர்கள் பலர், ஆகவே ‘ஹூ’ சுட்டுவது ‘டீச்சர்ஸ்’, வினை ‘கம்’. ‘ஒன்லி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்: ‘ஷி இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தி டீச்சர்ஸ் ஹூ கம்ஸ் ஏர்லி’. இப்போது சீக்கிரம் வருகிறவர் ஒரே ஒருவர். ‘ஹூ’ தன்னை ஒட்டி நிற்கும் ‘டீச்சர்ஸ்’ஸைத் தாண்டி ‘ஒன்’னைப் போய்ப் பிடிக்கிறது. இரண்டு வாக்கியத்திலும் ‘ஹூ’வுக்குப் பக்கத்தில் நிற்பது அதே ‘டீச்சர்ஸ்’தான். தூரம் மாறவில்லை, சொல்லவந்த செய்தி மாறியது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: முதல் வடிவத்தில் ஒருமை வினையை எழுதும் நல்ல ஆங்கில எழுத்தாளர்களும் நிறைய உண்டு, ஏனென்றால் அவர்கள் மனம் அந்த ஒருவரிடமே நிற்கிறது. தேர்வுத் தாள் பன்மையைத்தான் கேட்கும்.

தமிழில் இந்தச் சிக்கல் வேறு முகத்தோடு இருக்கிறது. நாம் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைப்பவர்கள். ‘ஆறு மணிக்குக் கிளம்பிய’ என்று படித்ததும் இனி ஒரு பெயர் வரும் என்று காத்திருப்போம். ஆங்கில வாசகர் பெயர்களையெல்லாம் முதலில் பார்த்துவிட்டு, பிறகு ‘தட்’ வந்ததும் திரும்பிப் போய் எது என்று தேட வேண்டும். ஆனால் ‘ஆறு மணிக்குக் கிளம்பிய பஸ்ஸின் டிரைவர்’ என்றாலும் கிளம்பியது பஸ்ஸா டிரைவரா என்பது தெரியாது. ‘கிளம்பிய’ என்ற எச்சம் திணை, பால், எண் எதையும் காட்டாது. அந்த அளவில் ‘வாஸ்’, ‘வேர்’ என்று பிரிக்கும் ஆங்கிலத்தைவிட நமக்குத் தடயம் குறைவு. பதிலுக்கு, சொற்களை இடம் மாற்றும் வசதி நமக்கு அதிகம். ‘பஸ்ஸின், ஆறு மணிக்குக் கிளம்பிய டிரைவர்’ என்று திருப்பிப் போட்டால் டிரைவர் என்பது உறுதியாகிவிடும். பஸ்தான் என்று உறுதிப்படுத்த, ‘எந்த பஸ் ஆறு மணிக்குக் கிளம்பியதோ அதன் டிரைவர்’ என்று ‘எந்த... அது’ என்ற ஜோடியைக் கொண்டுவர வேண்டும். ஆகவே ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் பார்த்துப் புரிந்துகொள்ள முயலும் மாணவருக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. இரு பொருள் தரும் ஆங்கில வாக்கியம் அதேபோல் இரு பொருள் தரும் தமிழ் வாக்கியமாக இறங்கிவிடும், குழப்பம் இருந்ததே தெரியாது. இரண்டு தனி வாக்கியங்களாக உடைத்தால் மட்டுமே தெரியும்.

பக்கத்துப் பெயரைப் பிடிப்பது மனித மூளையின் இயல்பு என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்களும் நம்பினார்கள். 1970-களில் ஜான் கிம்பல், லின் ஃப்ரேசியர் போன்றவர்கள், வாசகர் புதிதாக வரும் தொடரைக் கடைசியாகப் படித்த சொற்களோடு சேர்க்கவே முனைகிறார் என்று விளக்கினார்கள். நினைவாற்றலுக்குச் சுமை குறைவு என்பதால் இது எல்லா மொழிக்கும் பொருந்தும் என்றே தோன்றியது. 1988-ல் ஃபெர்னாண்டோ குவேட்டோஸ், டான் மிட்செல் இருவரும் ஒரு வாக்கியத்தை வைத்து அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். பால்கனியில் இருந்த நடிகையின் பணிப்பெண்ணை யாரோ சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி அது. ஆங்கிலத்தில் ‘தி சர்வன்ட் ஆஃப் தி ஆக்ட்ரஸ் ஹூ வாஸ் ஆன் தி பால்கனி’. பால்கனியில் இருந்தது யார் என்று கேட்டபோது ஆங்கிலம் பேசுவோர் பக்கத்தில் நின்ற நடிகையின் பக்கம் சாய்ந்தார்கள். அதே வாக்கியத்தை அதே சொல் வரிசையில் ஸ்பானிய மொழியில் படித்தவர்கள் தொலைவில் நின்ற பணிப்பெண்ணின் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு டச்சு மொழியிலும் தொலைவுப் பெயரின் பக்கம் சாய்வு தெரிந்தது. அருகாமை மூளையின் பொதுச் சட்டமாக இருந்தால் இப்படி நடக்க வழியில்லை. ஆங்கிலத்துக்குள்ளேயே ‘ஆஃப்’ என்பதற்குப் பதில் ‘வித்’ போட்டால் சாய்வின் அளவு மாறுகிறது. தொடர் நீளமா குட்டையா என்பதும், மனத்துக்குள் படிக்கும்போது எங்கே நிறுத்துகிறோம் என்பதும் பதிலை மாற்றும் என்று ஜேனட் ஃபோடர் விளக்கம் சொன்னார். இவை எல்லாமே சாய்வுகள்தான். ஆங்கிலம் பேசுவோரிலும் கணிசமானவர்கள் பணிப்பெண் என்றுதான் சொல்கிறார்கள்.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது 1998-ல் மேத்யூ ட்ராக்ஸ்லர், மார்ட்டின் பிக்கரிங், சார்ல்ஸ் கிளிஃப்டன் மூவரும் வெளியிட்ட ஆய்வு. கண் எந்தச் சொல்லில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அவர்கள் அளந்தார்கள். மீசை வைத்த ஒருவரைப் பற்றிய மூன்று வகை வாக்கியங்கள். ஒன்றில் கார், டிரைவர் என்ற இரண்டில் டிரைவருக்குத்தான் மீசை இருக்க முடியும், அவர் தொலைவில் நிற்கிறார். இன்னொன்றில் அதே டிரைவர் பக்கத்தில் நிற்கிறார். மூன்றாவதில் டிரைவரின் மகன். மீசை இருவருக்கும் இருக்கலாம். இரு பொருள் தரும் வாக்கியத்தில்தான் வாசகர் தடுமாறி நிற்பார் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது தலைகீழ்: அந்த வாக்கியத்தைத்தான் வேகமாகப் படித்தார்கள். எந்தப் பெயரைப் பிடித்தாலும் முரண் வராததால் எங்கும் தடை இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2008-ல், பெஞ்சமின் ஸ்வெட்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தத் தொடர் யாரைச் சுட்டுகிறது என்று பிறகு கேள்வி வரும் என்று வாசகருக்குத் தெரிந்தால் அந்த வேகம் போய்விடுகிறது. மேலோட்டமான கேள்விகள் மட்டும் வரும் என்றால், அவர்கள் முடிவு செய்யாமலே கடந்து போவதாகத் தெரிகிறது. அன்றாட வாசிப்பில் நம்மிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கடன் ஒப்பந்தத்தையோ இன்சூரன்ஸ் பாலிசியையோ படித்துக் கையெழுத்துப் போடும்போதும் கேட்பதில்லை. சூழலை வைத்து எல்லோரும் புரிந்துகொள்வார்கள், இதற்கு ஏன் இவ்வளவு விவாதம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். புரிந்தது என்ற உணர்வு வந்துவிடுகிறது, இரு பொருள் இருந்ததே கண்ணில் படுவதில்லை. இருவர் இரு விதமாகப் புரிந்துகொண்டது பணமோ உரிமையோ கேட்கும் நாளில்தான் வெளிவரும்.

வலுவான எதிர்வாதம் வேறொன்று. சட்டம் படிப்பவருக்கு ஏதாவது ஒரு விதி வேண்டும். குறையுள்ள விதியாக இருந்தாலும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நிச்சயம் இருக்கும். சட்டம் எழுதுபவரும் அதை மனத்தில் வைத்து எழுதுவார். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். விதி உண்மையில் அந்த நிச்சயத்தைத் தந்திருந்தால் ஏற்றுக்கொண்டும்விடலாம். 2016-ல் அதே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த லாக்ஹார்ட் வழக்கு, அது தரவில்லை என்று காட்டுகிறது. அங்கே இருந்தது ரிலேட்டிவ் ப்ரோனவுன் அல்ல, ‘இன்வால்விங்’ என்று தொடங்கும் தொடர்; சிக்கல் அதே சிக்கல். சட்டம் மூன்று பாலியல் குற்றங்களை வரிசையாகச் சொல்லி, கடைசியில் மைனர் தொடர்பான என்ற பொருளில் ஒரு தொடரை வைத்திருந்தது. அது மூன்றாவது குற்றத்துக்கு மட்டுமா, மூன்றுக்குமா? குற்றவாளிக்குக் கட்டாயம் 10 ஆண்டு சிறையா இல்லையா என்பது அதைப் பொறுத்தது. கடைசிக் குற்றத்துக்கு மட்டுமே என்று நீதிபதி சோனியா சோட்டோமயோர் எழுதிய தீர்ப்பில் ஆறு பேர் நின்றார்கள். எலெனா கேகன் மறுப்புத் தீர்ப்பு எழுதினார், ஸ்டீபன் ப்ரேயர் சேர்ந்துகொண்டார். புதிய ஸ்டார் வார்ஸ் படத்தில் பங்கெடுத்த நடிகர், இயக்குநர் அல்லது தயாரிப்பாளரைச் சந்திக்க ஆசை என்று ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னால், படத்தொடர்பு தயாரிப்பாளருக்கு மட்டும்தான் என்று எந்த மனிதர் எடுத்துக்கொள்வார் என்று கேகன் கேட்டார். ஸ்கலியாவும் ப்ரயன் கார்னரும் சேர்ந்து 2012-ல் வெளியிட்ட சட்ட வாசிப்பு நூலில், கடைசிச் சொல்லை மட்டும் பிடிக்கும் விதியும் இருக்கிறது, வரிசை முழுவதையும் பிடிக்கும் விதியும் இருக்கிறது. முதல் விதியை அவர்கள் சொல்லும் விதத்திலும், வெறுமனே அருகில் உள்ள பெயர் என்று இல்லை. அருகில் உள்ள, பொருத்தமான பெயர் என்றுதான் இருக்கிறது. பொருத்தம் என்று வந்த உடனேயே தூரத்தை அளப்பதை விட்டுவிட்டுப் பொருளை ஆராயத் தொடங்கிவிடுகிறோம்.

ஆகவே தடயங்கள் தீர்ந்துபோன வாக்கியத்தில் சரியான பெயர் எது என்று வாசகரைக் கேட்பதே தவறான கேள்வி என்பது என் கருத்து. அங்கே விடை இல்லை. எழுதியவர் வைக்கவில்லை. சட்டத்துக்கும் இது தெரியும். ஒப்பந்த வாசகம் இரு பொருள் தந்தால், அதை எழுதிய தரப்புக்கு எதிராகப் படிக்க வேண்டும் என்ற கொள்கை இன்சூரன்ஸ் வழக்குகளில் இந்திய நீதிமன்றங்களும் பயன்படுத்துவதுதான். தண்டனைச் சட்டத்தில் சந்தேகம் தீராமல் நின்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகப் படிப்பதும் அதே நியாயம். பக்கத்துப் பெயர் என்ற விதி இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. தெளிவாக எழுதாதவரின் பொறுப்பை எடுத்து, அந்த வாக்கியத்தின் கீழ் வாழ வேண்டியவரின் தலையில் வைக்கிறது. லிஃப்ட் இயக்கிய பெண்ணுக்கு எதிரான முடிவு அரசுக் கொள்கையாகச் சரியாகவே இருக்கலாம். ஒவ்வொரு பழைய வேலையும் நாட்டில் இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால் லட்சக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்க்கும் துறைக்குச் சுமைதான். அது கொள்கை முடிவு என்று வெளிப்படையாகச் சொல்லலாம். ஒரு ‘விச்’ நின்ற இடம்தான் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எழுதுபவர் நினைத்தால் இதைச் சரிசெய்ய அதிக உழைப்பு வேண்டாம். ‘தி டிரைவர் ஆஃப் தி பஸ் தட் லெஃப்ட் அட் சிக்ஸ்’ என்பதில் ‘தட்’டை எடுத்துவிட்டு ‘ஹூ’ அல்லது ‘விச்’ போட்டால் முடிந்தது. நடிகை விஷயத்தில் ‘ஹூ’ இரண்டு பேருக்கும் பொருந்துவதால் அது உதவாது. பெயரைத் திரும்பச் சொல்லிவிட வேண்டும், ‘தி சர்வன்ட் வாஸ் ஆன் தி பால்கனி’ என்று தனி வாக்கியமாக. ஒரே பெயரை இருமுறை எழுதுவது அழகில்லை என்று கட்டுரை வகுப்பில் சொல்வார்கள். பணமும் தண்டனையும் தொங்கும் எழுத்தில் அந்த அழகைக் கைவிடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. சட்டம் எழுதுபவர்களிடம் இன்னும் எளிய ஒரு வழி இருக்கிறது, பல நாடுகளில் அது இப்போது வழக்கமும் ஆகிவிட்டது. வரிசையில் வரும் ஒவ்வொன்றையும் எண்ணிட்டுத் தனித்தனி வரியாக, உள்ளே தள்ளி எழுதுகிறார்கள். ‘விச்’ என்று தொடங்கும் தொடர் கடைசி இனத்துக்கு மட்டும் என்றால் அதே வரியிலேயே தொடரும். எல்லா இனத்துக்கும் என்றால் கீழே இறங்கி, இடது ஓரத்திலிருந்து புது வரியாகத் தொடங்கும்.